மாதையனும் முள்ளிலை நோயும்

பெண்டாட்டி மங்கம்மாள் போன பிறகு மாதையன் வீட்டுப் பக்கம் ஆள் வருவது நின்றுபோனது. யாருக்கும் அவர்மேல் மனத்தாங்கல் இல்லை. மேல்நாவலூர் போன்ற மலையூரில் ஒரு வீட்டு வாசலை இன்னொரு வீட்டார் மிதிப்பது பெண்களை முன்னிட்டுத்தான். அடுப்புக்கு நெருப்பு, சாமை புடைக்க முறம், பிள்ளைக்கு வயிற்றுவலி என்றால் ஒரு பிடி ஓமம், இப்படி எதையாவது கேட்டுக்கொண்டு வருவார்கள். பெண் இல்லாத வீட்டில் போய்க் கேட்க என்ன இருக்கிறது? ஒரே மகன் சின்னராசு, கல்யாணமான கையோடு பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு குடகுக்குக் காப்பித் தோட்ட வேலைக்குப் போனவன். தாய் சாவுக்கு வந்தான், காரியம் முடிந்ததும் திரும்பிப் போய்விட்டான். கிளம்பும்போது, "நீயும் வாப்பா" என்று ஒரு பேச்சுக்குச் சொன்னான். இவரும் ஒரு பேச்சுக்கு, "பாக்கலாம்" என்றார்.

அதற்குப் பிறகு அவருக்குச் சாமை நிலமும் நாலைந்து ஆடுகளும்தான். பேச்சுக்கு ஆள் வேண்டும் என்று தோன்றினால் பஸ் வரும் நேரம் பார்த்து ரோட்டோரம் போய் நிற்பார். ஆலங்காயம் சந்தைக்குப் போய்விட்டு வருகிறவர்கள் இறங்கும்போது, "இன்னா மாதையா, ஊருக்கா?" என்பார்கள். "இல்ல, சும்மா" என்பார். அவர்கள் மூட்டையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். பஸ்ஸும் போய்விடும். கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டு ஆடுகளை ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வருவார்.

இப்படி இருக்கும்போதுதான், எழுபத்தாறாம் வருஷம் கோடையில், சந்தன மர ஆராய்ச்சிக்காரர்கள் ஜமுனாமரத்தூரில் வந்து தங்கினார்கள். மலையில் சந்தன மரங்கள் ஒவ்வொன்றாகக் காய்ந்துகொண்டு வந்தன. காட்டில் மட்டும் இல்லை, வீட்டுப் பின்கொல்லைகளிலும். அந்த மரம் யார் நிலத்தில் முளைத்தாலும் சர்க்கார் மரம்தான். பறவை எச்சத்தில் விழுந்து வேலியோரம் தானாக முளைக்கும். வளர்ந்ததும் பாரஸ்ட்டுக்காரர்கள் வந்து நம்பர் போட்டுவிட்டுப் போவார்கள். வீட்டுக்காரன் அதைக் காக்க வேண்டும், கத்தி வைக்கக் கூடாது. அதனால் ஊரில் சந்தனத்தைப் பற்றி யாரும் வாய் திறந்து பேச மாட்டார்கள். தன் வீட்டு மரம் காய்ந்தாலும் பார்க்காததுபோல இருந்துவிடுவார்கள்.

ஆராய்ச்சிக்காரர்களில் பாண்டுரங்கன் என்று ஒருவர். இள வயது, மெலிந்த உடம்பு, மூக்குக் கண்ணாடி. காட்டு வழி தெரிந்த ஆள், சுமை தூக்கவும் வேண்டும் என்று விசாரித்தபோது யாரோ மாதையனைக் கை காட்டிவிட்டார்கள். வீட்டில் கேட்பதற்கு ஆள் இல்லாதவர், எத்தனை நாள் வேண்டுமானாலும் வருவார் என்பதுதான் காரணம். மாதையன் போனார். பெட்டியைத் தூக்கினார், கயிறு பிடித்தார், மரம் ஏறிக் கொம்பு ஒடித்துக் கொடுத்தார். நாளாக ஆக அந்த நோய் அவர் கண்ணுக்கும் பிடிபட ஆரம்பித்தது.

நோய் வந்த சந்தனத்தில் முதலில் ஒரே ஒரு கொம்பில்தான் தெரியும். அங்கே மட்டும் இலை சிறுத்துவிடும். நெருக்கமாக, விறைப்பாக, வெளிறின பச்சையில் கொத்துக் கொத்தாக எழுந்து நிற்கும். தூரத்திலிருந்து பார்த்தால் கொம்பு நிறைய முள் முளைத்த மாதிரி இருக்கும். அப்புறம் அடுத்த கொம்பு, அதற்கடுத்தது. பூக்காது, காய்க்காது. இரண்டு மூன்று வருஷத்தில் நின்ற நிலையிலேயே செத்துவிடும். மாதையன் அதற்கு முள்ளிலை நோய் என்று தானாகவே ஒரு பெயர் வைத்துக்கொண்டார். பாண்டுரங்கனும் அவரிடம் பேசும்போது அந்தப் பெயரையே சொல்லத் தொடங்கினார்.

ஒரு நாள் பாறை மேட்டில் நின்ற மரத்தைக் காட்டி, "ஐயா, இதுங்கூட அதுதான்" என்றார் மாதையன்.

பாண்டுரங்கன் கிட்டே போய்ப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இல்ல மாதையா. இது தண்ணியில்லாம வாடுது. வாடுற இலை தொங்கும். நோவு புடிச்ச இலை நிக்கும். கையால தடவிப் பாரு."

மாதையன் தடவிப் பார்த்தார். அதற்குப் பிறகு கையால் தடவாமல் எந்த மரத்தைப் பற்றியும் அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

ஆடி பிறக்கும் முன்பே ஆராய்ச்சிக்காரர்கள் கீழே இறங்கிப் போய்விட்டார்கள். ஆனால் மாதையனுக்கு மரத்து நோவு தெரியும் என்ற பேச்சு ஊருக்குள் நின்றுவிட்டது. முதலில் கோடி வீட்டுக்காரன் வந்து வாசலில் நின்று கூப்பிட்டான். அவன் வீட்டு நெல்லி மரத்தில் இளங்கொம்புகள் அங்கங்கே விரல் முட்டிபோல வீங்கியிருந்தன. மாதையன் ஒரு வீக்கத்தைக் கத்தியால் பிளந்தார். உள்ளே ஒரு புழு சுருண்டு கிடந்தது. "புழு பூந்த கொம்புப்பா இது. இந்த மாதிரி கீறதெல்லாம் வெட்டி எரிச்சிடு. மரம் பொழச்சிக்கும்" என்றார். அடுத்து ஒரு வீட்டில் புங்க மரத்து இலை முழுக்க மருபோலக் கொப்புளம். "இது ஒண்ணும் பண்ணாது. எலைக்குத்தான் நோவு, மரத்துக்கு இல்ல" என்று சொல்லிவிட்டு வந்தார். இன்னொரு வீட்டில் மாமரத்தின் நடுவே ஒரு கிளை மட்டும் தடித்த இலையும் சிவந்த பூவுமாக நின்றது. அது புல்லுருவி என்று மூன்று வயதுப் பிள்ளைக்கும் தெரியும். இருந்தாலும் அவர் வாயால் கேட்க வேண்டும் என்று கூப்பிட்டிருந்தார்கள். ஒரு எலுமிச்சையில் வெள்ளையாகப் பஞ்சுபோல ஒட்டியிருந்ததைப் பார்த்து, "இது இன்னான்னு எனக்குத் தெர்லப்பா" என்றும் சொன்னார்.

பக்கத்து வீட்டுச் சக்கரவர்த்தி தன் பலா மரத்துக்குக் கூட்டிப்போனான். அடிமரத்தில் ஆள் தலை அளவுக்கு ஒரு முண்டு. அவன் பெண்டாட்டி அதற்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்திருந்தாள்.

"உள்ள இன்னாவோ பூந்துகினு வளர்ற மாதிரி கீது மாமா" என்றான் சக்கரவர்த்தி.

மாதையன் முண்டைச் சுற்றித் தட்டிப் பார்த்தார். ஓசை கட்டியாக இருந்தது. "எப்பவோ கெள ஒடிஞ்ச காயம். ஆறி மேல தோலு மூடிகிச்சு. பொட்டு இருந்தா இருந்துட்டுப் போவட்டும், அழிக்காத."

எல்லோரும் சிரித்தார்கள். சக்கரவர்த்தி வீட்டில் அன்றைக்குக் களியும் கொள்ளுக் குழம்பும். உட்கார வைத்துப் போட்டார்கள். மாதையனுக்கு மரம் கூட அவ்வளவு பெரிதில்லை. வாசலில் நின்று ஒருவன் தன் பேரைச் சொல்லிக் கூப்பிடுகிறானே, அதுதான் பெரிது. பின்கொல்லை வரைக்கும் போவதென்றால் வீட்டுக்குள் நுழைந்து அடுப்பைத் தாண்டித்தான் போக வேண்டும். மங்கம்மாள் போன பிறகு அவர் அடுத்தவர் வீட்டு அடுப்பில் தீ எரிவதைப் பக்கத்தில் நின்று பார்த்தது அந்த மழைக்காலத்தில்தான்.

அவருடைய தங்கை அம்மாக்கண்ணுவின் வீடு ஓடைக்கு அந்தப் பக்கம். புருஷன் வீரன் இறந்து வெகு காலம் ஆகிவிட்டது. ஒரே மகள் செல்லியம்மாளுக்குச் சின்ன வயதுக் காய்ச்சலில் இரண்டு காலும் சூம்பிவிட்டன. இருபத்தைந்தை நெருங்கிவிட்டாள். காலையில் தாய் நிலத்துக்குக் கிளம்பும் முன் அவள் கையை ஊன்றி இழுத்துக்கொண்டே பின்கொல்லைக்கு வந்துவிடுவாள். அங்கே நாரத்தையை ஒட்டி ஒரு சந்தன மரம். அதன் அடியில் சாக்கை விரித்து உட்கார்ந்து மந்தாரை இலைகளைச் சாப்பாட்டு இலையாகத் தைப்பாள். பொழுது சாய்ந்து தாய் வரும்வரை அவளுக்குத் துணை அந்த மரத்துக்கு வரும் குருவிகள்தான். சந்தனப் பழம் கருத்துப் பழுத்தால் குயிலும் கொண்டைக்குருவியும் சண்டை போட்டுக்கொண்டு வரும். எது எந்தக் கொம்பில் உட்காரும், எது எதைத் துரத்தும் என்றெல்லாம் அவளுக்குத் தெரியும்.

ஐப்பசியில் ஒரு நாள் மாதையன் அங்கே போயிருந்தார். அம்மாக்கண்ணு உள்ளே கூழ் கரைத்துக்கொண்டிருந்தாள். பின்கொல்லையிலிருந்து செல்லியம்மாள் கூப்பிட்டாள்.

"மாமா, இங்க வந்து பாரு. இந்தத் தரம் இது பழமே வைக்கல. குருவிங்களும் வர்றதில்ல. மேல அந்தக் கொம்புல எல பொடிப் பொடியா கீது. இன்னா அது?"

மாதையன் அண்ணாந்து பார்த்தார். பார்த்ததுமே தெரிந்துவிட்டது. இருந்தாலும் நாரத்தைக் கிளையில் கால் வைத்து ஏறி அந்தக் கொம்பை வளைத்துத் தடவினார். இலைகள் விறைத்துக் கையில் குத்தின.

"ஒண்ணுமில்லம்மா. வெயிலு."

"மழ பேஞ்சுகினே கீதே மாமா. வெயிலா?"

அவர் மரத்திலிருந்து இறங்கி உள்ளே போனார். கூழைக் குடித்துவிட்டு வந்துவிட்டார். ஓடையைத் தாண்டும்போது, இந்தப் பெண்ணிடமா பொய் சொன்னோம் என்று வருத்தமாக இருந்தது. அவள் ஒருத்திதான், மரத்தைப் பார்க்கும்போது அவரைப் போலவே பார்க்கிறவள்.

இரண்டு நாள் பொறுத்துத் திரும்பவும் போனார். தாயையும் மகளையும் உட்கார வைத்து உள்ளதைச் சொன்னார்.

அம்மாக்கண்ணு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "யாராண்டயும் சொல்லாத ணா. அவங்க வந்து, மரத்த நீ இன்னா பண்ணேன்னு என்னத்தான் கேப்பாங்க. ஆம்பள இல்லாத வூடு."

"இது செத்துப்பூடுமா மாமா?" என்றாள் செல்லியம்மாள்.

"ரெண்டு மூணு வருசம் நிக்கும்."

"பக்கத்து வூட்டு மரங்களுக்கும் வருமா?"

"வரும்னுதான் அந்த ஐயா சொன்னாரு."

"மருந்து இல்லியா?"

அடுத்த தடவை வரும்போது ஒரு மருந்து கொண்டு வந்து மரத்துக்கு ஏற்றிப் பார்க்கப் போவதாகப் பாண்டுரங்கன் சொல்லியிருந்தது மாதையனுக்கு நினைவு வந்தது. அதைச் சொன்னார். செல்லியம்மாள் தாயைப் பார்த்தாள். கடைசியில் அம்மாக்கண்ணு, "நீ பாத்து இன்னா செய்வியோ செய்" என்று எழுந்து உள்ளே போனாள்.

தை மாதம் ஆராய்ச்சிக்காரர்கள் திரும்ப வந்தார்கள். மாதையன் நடந்தே ஜமுனாமரத்தூர் போய்ப் பாண்டுரங்கனிடம் சொன்னார். "ஐயா, ஒரு மரம் கீது. என் தங்கச்சி வூட்டாண்ட. அதுக்கு அந்த மருந்த ஏத்தணும்."

"மருந்து சோதனைக்குத்தான் மாதையா. நாலஞ்சு மரத்துக்குத்தான் காணும்."

"அந்தப் பொண்ணு நாள் முச்சூடும் அதுங்கீழதான் குந்திகினு கீதுங்க. வேற எங்கயும் போவ முடியாது."

பாண்டுரங்கன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே யோசித்தார். "சரி, அதையும் ஒண்ணா சேத்துக்கறேன். ஆனா ஊர்ல நோவு விழுந்த மத்த மரமெல்லாம் எனக்குத் தெரியணும். நீ காட்டணும்."

மாதையன் தலையாட்டினார். மற்ற மரங்களை என்ன செய்வீர்கள் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் கிடைத்திருக்கும். அதற்குப் பயந்துதான் கேட்காமல் விட்டோமோ என்று பின்னால் பல தடவை அவருக்குத் தோன்றியதுண்டு.

ஒரு வாரம் போல வீடு வீடாகக் காட்டினார். முன்னே நெல்லிக்கும் பலாவுக்கும் கூப்பிட்டவர்கள், இப்போது படலைத் திறந்துவிட்டு ஒன்றும் புரியாமல் நின்றார்கள். சக்கரவர்த்தி வீட்டு வேலியோரம் மூன்று சந்தனம். மூன்றிலும் கொம்பு நுனியில் முள்ளிலை. பாண்டுரங்கனின் ஆள் ஒவ்வொன்றிலும் வெள்ளைச் சுண்ணாம்பால் கோடு போட்டான்.

அம்மாக்கண்ணு வீட்டில் மருந்து ஏற்றிய அன்றைக்கு ஊரே வந்து பின்கொல்லையில் நின்றது. அடிமரத்தைச் சுற்றிப் பட்டையை மெல்லியதாகச் சீவி, ரப்பர் குழாய் பொருத்தி, மேலே கிளையில் பாட்டிலைக் கட்டித் தொங்கவிட்டார்கள். மஞ்சள் நிற மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கியது. "ஆஸ்பத்திரில நமக்கு ஏத்துவானே, அது மாதிரி" என்று ஒருவன் சொல்ல எல்லோரும் சிரித்தார்கள். செல்லியம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. பாட்டில் காலியாகும்வரை கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அடுத்த வாரம் பாரஸ்ட்டிலிருந்து வேறு ஆட்கள் கோடாலியும் கடப்பாரையுமாக வந்தார்கள். வெள்ளைக் கோடு போட்ட மரங்களையெல்லாம் வேரோடு தோண்டி எடுத்தார்கள். நோய் மற்றதற்குப் பரவாமல் இருக்க அதுதான் வழி என்று சொன்னார்கள். கட்டையை லாரியில் ஏற்றிக்கொண்டார்கள், கிளையைக் குவித்து எரித்தார்கள். மேல்நாவலூரில் அன்று பகல் முழுதும் சந்தன வாசனை. மாதையன் சக்கரவர்த்தி வீட்டு வேலிக்கு வெளியே நின்றார். உள்ளே போகத் தைரியம் வரவில்லை.

சக்கரவர்த்தி வெளியே வந்தான். கத்தவில்லை. தாழ்ந்த குரலில்தான் சொன்னான்.

"உன் தங்கச்சி மரத்துக்கு ஊசி. எங்க மரத்துக்குக் கோடாலியா மாமா?"

"எனக்குத் தெரியாதுப்பா. அப்பறமா எல்லாத்துக்கும் மருந்து போடுவாங்கன்னு..."

"வூட்டுக்குள்ள வுட்டு, சோறு போட்டு, நாங்களேதான் உனுக்குக் காட்னோம்" என்று சொல்லிவிட்டு அவன் உள்ளே போனான்.

அதன் பிறகு ஒருவரும் மாதையனைக் கூப்பிடவில்லை. எதிரில் வந்தால் பேசாமல் இருக்க மாட்டார்கள். "இன்னா மாதையா" என்பார்கள். ஆனால் அவர் ஒரு வேலியோரம் நின்றால் உள்ளே இருப்பவர்கள் படலைச் சாத்தினார்கள். மரம் நிற்கிற பக்கம் அவர் கண் போகக் கூடாது என்று பிள்ளைகளுக்குக் கூடச் சொல்லி வைத்திருந்தார்கள்.

இத்தனைக்கும் நடுவில் செல்லியம்மாளின் மரம் துளிர்த்தது. ஆனி மாத மழையில் முள்ளிலைக் கொம்புகளுக்கு நடுவே நல்ல இலை, அகலமாக, எண்ணெய் தடவினதுபோல வந்தது. ஐப்பசியில் கொஞ்சம் பூவும் பூத்தது. மாதையன் தினமும் ஓடையைத் தாண்டி வந்தார். சாமை அறுத்த அலுப்போடு கூட வந்தார். செல்லியம்மாள் இலை தைத்துக்கொண்டே அன்றைக்கு எந்தக் கொம்பில் என்ன தளிர் வந்தது என்று சொல்வாள். அவர் ஏறித் தடவிப் பார்த்து, "ஆமா" என்பார். ஊரெல்லாம் படல் சாத்தியிருந்த அந்த வருஷத்தில் அந்த ஒரு பின்கொல்லை அவருக்குத் திறந்திருந்தது. அம்மாக்கண்ணு மட்டும் வரவரப் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். கிணற்றடியில் பெண்கள் அவளுக்கு இடம் விட்டு ஒதுங்கினார்கள். நெருப்பு கேட்டுப் போனால், அடுப்பு அணைந்துவிட்டது என்றார்கள். அவள் அதை அண்ணனிடம் சொல்லவில்லை.

மறு வருஷம் சித்திரையில் முள்ளிலை திரும்ப வந்தது. இந்தத் தடவை ஒரு கொம்பில் இல்லை, மரம் முழுக்க. செல்லியம்மாள்தான் முதலில் பார்த்தாள். மாதையன் வந்ததும் மேலே கையைக் காட்டினாள்.

மாதையன் ஜமுனாமரத்தூருக்கு ஓடினார். பாண்டுரங்கன் இல்லை. வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்விட்டார். அவர் இடத்தில் இருந்தவர் பொறுமையாகத்தான் கேட்டார். மருந்து ஏற்றின மரம் எல்லாமே இப்படித்தான், கொஞ்ச நாள் தேறிவிட்டுத் திரும்ப விழுந்துவிட்டன என்றார். இனிமேல் அதை ஏற்றப் போவதில்லை என்றும் சொன்னார். "எந்த ஊரு மரம்?" என்று கேட்டார். மாதையன் சொன்னார். சொல்லாமல் வந்திருந்தாலும் மரத்தின் நம்பர் அவர்களிடம் இருந்தது.

தோண்ட வந்த அன்று செல்லியம்மாளை உள்ளே தூக்கிக்கொண்டு போய் உட்கார வைக்கப் பார்த்தாள் தாய். அவள் வர மறுத்துவிட்டாள். சாக்கை மட்டும் சுவரோரம் இழுத்துப் போட்டுக்கொண்டு அங்கேயே இருந்தாள். வேர் நாரத்தை வேரோடு பின்னிக் கிடந்தது. சந்தனத்தைப் பிடுங்கும்போது நாரத்தையும் சாய்ந்தது. மத்தியானத்துக்குள் பின்கொல்லை வெறும் வெயிலாகிவிட்டது.

ஆட்கள் போன பிறகு அம்மாக்கண்ணு அண்ணனைப் பார்த்தாள். அத்தனை நாள் அடக்கி வைத்திருந்தது அப்போது வந்தது.

"நீ அன்னிக்கு வாய மூடிகினு இருந்தா, இது தானா செத்திருக்கும். நாலு பேரோட நாங்களும் இருந்திருப்போம். மரமும் போச்சு, ஊரும் போச்சு. நீ இங்க வராத ணா."

"அம்மா" என்றாள் செல்லியம்மாள்.

"நீ சும்மா இரு."

மாதையன் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார்.

அதற்குப் பிறகு அவர் ஊரில் அதிக நாள் இருக்கவில்லை. ஆடுகளை விற்றுவிட்டு, வாணியம்பாடியில் ரயிலேறி, பெங்களூரில் வழி கேட்டுப் பஸ் பிடித்துக் குடகுக்குப் போனார். சின்னராசு வரவேற்கத்தான் செய்தான். ஆனால் தோட்டக் கூலிகளுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடு ஒரே அறை. பேரப்பிள்ளைகள் கன்னடம் கலந்து பேசினார்கள். மருமகள் விடியும் முன்பே தோட்டத்துக்குக் கிளம்புவாள். பகலில் அவர் காப்பிச் செடிகளுக்கு நடுவே நடந்து திரிவார். நிழலுக்கு நின்ற பெரிய மரங்களில் என்னென்னவோ முளைத்திருந்தன. பட்டையில் தட்டுத் தட்டாகக் காளான், கிளையில் தாடிபோலத் தொங்கும் பாசி, கவட்டில் கட்டி. எதற்கும் அவருக்குப் பெயர் தெரியவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. ஒரு நாள் மேஸ்திரி அவரை விரட்டினான், வேற்றாள் தோட்டத்துக்குள் என்ன செய்கிறாய் என்று. சின்னராசு வந்து, "எங்கப்பாங்க" என்று சொல்லி அழைத்துப் போனான். போகும் வழியில், "சும்மா லைன்லயே இருப்பா" என்றான். மழை தொடங்கியதும் மாதையன் ஊருக்குத் திரும்பிவிட்டார்.

பிறகு வருஷங்கள் ஒன்றுபோலப் போயின. முள்ளிலை நோய் எதற்கும் நிற்கவில்லை. வேரோடு தோண்டியும் பயனில்லை. கோடு போடாமல் விட்ட மரங்களிலும் வந்தது, யாரும் காட்டாமல் மறைத்து வைத்த மரங்களிலும் வந்தது. எண்பத்திரண்டு, எண்பத்துமூன்றில் மேல்நாவலூர்ப் பின்கொல்லைகளில் சந்தனம் என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. ஒரு நாள் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது சக்கரவர்த்தி பக்கத்தில் வந்து நின்றான். ரோட்டைப் பார்த்துக்கொண்டே, "எதுவுமே நிக்கல பாரு மாமா" என்றான். "ஆமாப்பா" என்றார் மாதையன். அது மன்னிப்பா, வெறும் பேச்சா என்று மாதையனுக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து அன்றைக்கு முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தார்.

நிலமெல்லாம் பேயெள்ளு மஞ்சளாகப் பூத்திருந்த சமயம், அம்மாக்கண்ணுவுக்கு உடம்புக்கு ஆகவில்லை என்று ஆள் வந்து சொன்னான். சொல்லி அனுப்பியது செல்லியம்மாள். மாதையன் போனார். தங்கை பாயில் சுருண்டு கிடந்தாள். காய்ச்சல் கண்டு பல நாள் ஆகியிருந்தது. அண்ணனைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "எளச்சிட்டியே ணா. சாப்ட்டியா?" என்று மட்டும் கேட்டாள். மாதையன் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டார். டோலி கட்டி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனபோது முன்கொம்பை அவரே தோளில் வாங்கினார். பின்கொம்பைப் பிடித்தவன் சக்கரவர்த்தி. ஆஸ்பத்திரியில் சில நாள் இருந்தாள். தேறவில்லை.

காரியமெல்லாம் முடிந்த பிறகு மாதையன் செல்லியம்மாளிடம், "என் வூட்டுக்கு வந்துடும்மா" என்றார்.

அவள் யோசித்துவிட்டுச் சொன்னாள். "அங்க எனுக்கு எது எங்க கீதுன்னு தெரியாது மாமா. இங்க ஒவ்வொரு எடமும் கைக்குத் தெரியும். நீ வா."

மாதையன் தன் வீட்டுச் சட்டி பானைகளையும் பாயையும் இரண்டு நடையில் கொண்டு வந்து சேர்த்தார். வீட்டைப் பூட்டினார். பூட்டிவிட்டு வாசலில் நின்று பார்த்தபோது மங்கம்மாள் நினைவு வந்தது. அங்கே அதிக நேரம் நிற்கவில்லை.

செல்லியம்மாள் பழையபடி பின்கொல்லையில்தான் உட்கார்ந்தாள். நிழல் இல்லாததால் மாதையன் நாலு கழி நட்டு மேலே புல் வேய்ந்து கொடுத்திருந்தார். இலை தைப்பதை அவள் விடவில்லை. சமையல் அவர் ஏற்றுக்கொண்டார். முதல் நாள் பொழுது சாயும் நேரம், சாமையை உலையில் போட்டுவிட்டுப் பருப்பைக் கடைந்தார். இத்தனை வருஷம் தனியாகப் பொங்கித் தின்றதில் அவருக்குத் தன்னோடு தானே பேசிக்கொள்ளும் வழக்கம் வந்திருந்தது. அது அவருக்கே தெரியாது. குனிந்து சட்டிகளை நகர்த்திப் பார்த்துக்கொண்டே, "உப்ப எங்க வெச்சித் தொலச்சேன்" என்றார்.

"மாடத்துல கீது மாமா. சிம்னி வெளக்குக்குப் பக்கத்துல" என்றது வெளியிலிருந்து ஒரு குரல்.

மாதையன் திடுக்கிட்டுத் திரும்பினார். கரண்டி கையில் அப்படியே நின்றது. பிறகு மாடத்தில் கையை விட்டுத் துழாவினார்.

"கீது" என்றார். அவளுக்குக் கேட்டதோ என்னவோ என்று இன்னும் கொஞ்சம் சத்தமாக, "கீதும்மா, கீது" என்றார்.